மாவுப்பூச்சிக்கு அடைக்கலம்

என் மைத்துனன் ஆறு மாதம் எங்கள் வீட்டில் வந்து தங்கப்போகிறான் என்று மனைவி சொன்ன அன்று சாயங்காலமே, ஒரு ஆர்க்கிட் செடி வாங்குவதென்று நான் முடிவு செய்தேன்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. பெரியதில் நாங்கள் இரண்டு பேரும். சின்னது சும்மா கிடக்கிறது என்று மனைவி சொல்வாள். சும்மா கிடக்கவில்லை. அதில் நான் கிடக்கிறேன். கிழக்கே பார்த்த ஜன்னல், அதன் ஓரம் ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதில் சாய்ந்து பேப்பரைப் பிரிப்பேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் பேப்பர் என் முகத்தை மூடிவிடும். கண் திறக்கும்போது மணி ஒன்று. வாரம் பூரா நான் ஒழுங்காக ஆபீஸ் போய் வருவதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான்.

ஆபீஸ் என்றால் வாஷிங் மெஷின் கம்பெனி. அதில் புகார்ப் பிரிவு. மெஷின் சட்டையைக் கிழித்தது, மெஷின் தானாக நடந்து சமையலறைக்கு வந்துவிட்டது, மெஷின் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று நாளைக்கு நாற்பது பேர் எழுதுவார்கள். நாற்பது பேருக்கும் நான் போடுவது ஒரே பதில்: 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.' பதினெட்டு வருஷத்தில் நான் கண்ட உண்மை இது. ஒரு புகாரைத் தொடாமல் இரண்டு வாரம் வைத்திருந்தால் பாதிப் பேர் ஓய்ந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு அதே பதிலைத் தேதி மாற்றிப் போடலாம். எதையும் தீர்த்து மட்டும் வைத்துவிடக் கூடாது. ஒன்றைத் தீர்த்து வைத்தால் ஊரே கிளம்பி வந்துவிடும்.

என் மனைவி வேறு ரகம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போயும் போயும் பூச்சி விஷயத்தில் நான் விளையாடினேன். கெட்ட நேரம் என்று சொல்லமாட்டேன். புத்தி கெட்டுப்போனதுதான் காரணம்.

மைத்துனன் அவளுடைய தம்பி. நீச்சல் பயிற்சியாளன். எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த நீச்சல் குளத்தில் வேலை கிடைத்திருந்தது. தங்கமான பையன். கெட்ட பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. சிக்கலே அதுதான். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து மூச்சுப் பயிற்சி செய்வான். தனியாகச் செய்யமாட்டான். போன தடவை மூன்று நாள் வந்து தங்கியபோது என்னைத்தான் எழுப்பினான். "இழுங்க மாமா... பிடிங்க... விடாதீங்க... விடாதீங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், போன் வந்ததும் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். நான் விடாமல் இருந்தேன். அப்புறம் என் மனைவிதான் வந்து முதுகில் ஒன்று வைத்து விடவைத்தாள். தவிர, வீடு பூரா ஈரத் துண்டு. என் சாய்வு நாற்காலியில் மட்டும் நாலு.

ஆறு மாதம் என்றால் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வேண்டாம் என்று நேரே சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அதனால்தான் ஆர்க்கிட். அந்த அறையில் ஏற்கெனவே ஒரு உயிர் குடியேறிவிட்டால், இன்னொரு உயிரை எப்படிக் குடியேற்றுவாள்? நாய் வாங்கலாம். நாய்க்கு என்னைப் பிடிக்காது. செடிக்கு அபிப்பிராயம் கிடையாது.

பஸ் பிடித்து நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரம்மா கையெல்லாம் மண்ணாக வந்தார்.

"இது ரொம்ப நாசூக்கான செடி சார். வீட்ல கிழக்கு வெளிச்சம் இருக்கா?"

"அது ஒண்ணுதாம்மா இருக்கு."

அகலமான ஆறு இலை, வளைந்த ஒரு தண்டு, அதில் வெள்ளையாக நாலு பூ. கூடவே பராமரிப்பு விவரம் அச்சடித்த ஒரு தாளும் தந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து, முதலில் செடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஆர்க்கிட்."

"அது தெரியுது. எதுக்கு?"

"எனக்குன்னு ஒரு பொழுதுபோக்கு வேணாமா?"

"அதான் தூங்கறீங்களே."

"இதுக்குக் கிழக்கு வெளிச்சம் வேணுமாம். சின்ன ரூம்லதான் வைக்கணும். ஆள் நடமாட்டமே ஆகாதாம்."

"வைங்க. யார் வேணாம்னா? ஜன்னல்ல செடி இருக்கட்டும், கட்டில்ல தம்பி இருக்கட்டும். செடி என்ன, கட்டில்லயா படுக்கப்போகுது?"

ஒரே நிமிஷம். ஒரு வாரமாக நான் கட்டிய திட்டம் செருப்பைக் கழற்றுவதற்குள் முடிந்துவிட்டது. செடியை ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் நாள் காலை சின்ன அறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். மனைவி குனிந்து செடியின் இலை இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதப் பாருங்க. வெள்ளையா."

"பஞ்சு. அடிபடாம இருக்கட்டும்னு நர்சரில வெச்சு அனுப்பியிருப்பாங்க."

"பஞ்சுக்குக் கால் உண்டா?"

பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். பார்த்தேன். பஞ்சுக்குக் கால் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று.

"மாவுப்பூச்சிங்க. செடியோடவே வாங்கிட்டு வந்திருக்கீங்க. இலைல உக்காந்து சாறை உறிஞ்சும். விட்டா செடியே போயிடும்."

எனக்கு முதலில் நர்சரிக்காரம்மா மேல்தான் கோபம் வந்தது. புகார் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் சட்டைப்பைத் தாள் ஞாபகம் வந்தது. எடுத்துப் படித்தேன். 'புதிதாக வாங்கிய செடியில் பூச்சி தென்பட்டால், அது அடியோடு ஒழியும்வரை செடியைத் தனியறையில் வைக்கவும். அறையில் எவரும் தங்க வேண்டாம். பூச்சிகள் துணிகளில் ஒட்டிக்கொண்டு பிற இடங்களுக்குப் பரவும்.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாக, மனைவிக்குக் கேட்கும்படி படித்தேன்.

"துணியில ஒட்டிக்குமாம். கேட்டியா? உன் தம்பி ஒரு நாளைக்கு எத்தனை துண்டு?"

"ஏழு எட்டு இருக்கும்."

"அந்தத் துண்டோட குளத்துக்குப் போவான். அங்க சின்னப் பிள்ளைங்க எல்லாம் வரும். ஒரு பொறுப்பு வேணாமா நமக்கு?"

மனைவி என் முகத்தையே பார்த்தாள். ரத்தத் துளியைப் பார்க்கிற அதே பார்வை.

"சரிங்க. நீங்க சொல்றது நியாயம்தான். பூச்சி இருக்கிற வரைக்கும் தம்பி லாட்ஜ்ல இருந்துக்கட்டும். பூச்சி அடியோட போன அன்னிக்கு வரட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்ப்பேன். வைத்தியம் உங்க பொறுப்பு."

"என் பொறுப்பா?"

"உங்க பொழுதுபோக்குதானே?"

பஞ்சு சுற்றிய குச்சி ஒரு கட்டும், ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும் லேபிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தினமும் பூச்சியைத் தொட்டு எடுக்க வேண்டும். மூன்று வாரத்தில் சுத்தமாகிவிடுமாம்.

உடன்படிக்கை எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பூச்சி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு. பூச்சி போனால் நாலரை மணிக்கு மூச்சுப் பயிற்சி. உலகத்தில் எல்லோரும் பூச்சியை ஒழிக்கப் பாடுபட, நான் ஒருத்தன் அது ஒழியாமல் இருக்கப் பாடுபட வேண்டும். செடியும் சாகக் கூடாது. செடி செத்தால் பூச்சிக்கு வீடு போய்விடும், எனக்கும் போய்விடும். ஆக, இரண்டு தரப்பையும் அப்படியே இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு என்னைவிட அனுபவஸ்தன் யார்? புகார் பரிசீலனையில் இருக்கும்.

தினமும் காலையில் குச்சியைத் தண்ணீரில் நனைத்தேன். பூச்சி இல்லாத இலையாகப் பார்த்துத் துடைத்தேன். பூச்சிகள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நானும் அவற்றைத் தொந்தரவு செய்யவில்லை. ஆபீசில்கூட இவ்வளவு சுமுகமான உறவு எனக்கு யாரோடும் இருந்ததில்லை.

முதல் ஞாயிறு பரிசோதனை.

"குறையவே இல்லையே. தினம் துடைக்கறீங்களா?"

"பின்னே? விரலே தேஞ்சுபோச்சு."

"ரூம்ல ஸ்பிரிட் வாசனையே காணோம்?"

"ஜன்னல் தொறந்திருக்கு. காத்துல போயிடுது."

"பாட்டில் குறையலையே?"

"சிக்கனமா உபயோகிக்கிறேன்."

"ம்" என்றாள். என் மனைவி 'ம்' என்று நிறுத்தினால், விஷயம் முடிந்துவிட்டது என்று நான் இருபது வருஷமாக நினைத்து வந்திருக்கிறேன். இருபது வருஷமும் அது தப்பு.

இரண்டாவது ஞாயிறு, கையில் ஒரு சின்ன டப்பாவோடு அறைக்குள் போனாள். லேபில் கண்ணாடித் துண்டு வைக்கிற டப்பா என்று நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ரொம்பக் கூடிப்போச்சுங்க. பெரிசு பெரிசா இருக்கு. தம்பி இப்போதைக்கு வரமுடியாது போல."

துக்கம் விசாரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அவள் சொன்னது நிஜம். நேற்றுவரை கடுகளவு இருந்தவைக்கு நடுவே, இப்போது அரிசியளவில் சில. உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தொங்கட்டான். பழையவை இருந்த இடத்திலேயே கிடக்கும். இவை விறுவிறுவென்று நடந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு. என் தண்ணீர் வைத்தியத்தில் இவ்வளவு புஷ்டியா என்று எனக்கே பெருமையாக இருந்தது. இருப்பதிலேயே பெரியதற்கு 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்தேன். அது எப்போதும் மற்றவை இருக்கிற இடமாகப் போய் நின்றுகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"தம்பி போன்ல இருக்கான். என்ன சொல்ல?"

"பரிசீலனையில் இருக்குன்னு சொல்லு."

"உங்ககிட்டயே பேசணுமாம்."

போனை வாங்கினேன்.

"மாமா, பூச்சி எப்படி இருக்கு?"

"மோசம்ப்பா. நானும் எவ்வளவோ பண்ணிப் பாக்கிறேன்."

"விடாதீங்க மாமா. விடாதீங்க."

சொல்லிவிட்டு அவன் சிரித்த மாதிரி இருந்தது. நீச்சல்காரர்கள் மூச்சு விடுவதே அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவி தற்செயலாகச் சொன்ன மாதிரி ஒன்று சொன்னாள்.

"என்னங்க, தொட்டில எறும்பு ஏறுது பாத்தீங்களா?"

"ஏறட்டும். எறும்பு எங்கதான் ஏறல?"

"ஏறினா நல்லதுதான். எறும்பு அந்தப் பூச்சியையெல்லாம் ஒண்ணு விடாம இழுத்துட்டுப் போயிடும். நீங்க கண்டுக்காதீங்க. ஒரு வாரத்துல ரூம் காலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தேன். நான் ஆறு மணியைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. துடைப்பத்தை எடுத்தேன். எங்கள் வீட்டுத் துடைப்பம் எங்கே இருக்கும் என்று தேடவே பத்து நிமிஷம் ஆனது. சின்ன அறை முழுக்கப் பெருக்கினேன். கட்டிலை நகர்த்தி அடியில் பெருக்கினேன். எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து ஹாலுக்கு வந்தேன், ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனேன். போன வழியெல்லாம் பெருக்கி, சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். சுவர் விரிசலை அடைத்தேன். சர்க்கரை டப்பாவுக்கு மூடி இறுக்கினேன். மேஜையின் நாலு காலையும் நாலு கிண்ணம் தண்ணீரில் நிறுத்தினேன். இலையில் எஞ்சியிருந்த எறும்பு ஒவ்வொன்றையும் நனைத்த குச்சியால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.

மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, இவ்வளவு சுத்தம்?"

"எறும்பு கடிச்சா செடிக்கு ஆகாதாம்."

"பாவம், செடி மேல எவ்வளவு அக்கறை உங்களுக்கு."

இப்படித் தினமும். மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு வேளை, ஏனென்றால் அன்று எனக்கு நேரம் இருந்தது. தூக்கத்தைக் காப்பாற்றுவதற்காகத் தூங்காமல் இருக்கிறேனே என்று ஒரு தடவை தோன்றியது. யோசிக்க நேரமில்லை. கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த இருபத்தெட்டின் மேல் பாசமே வந்துவிட்டது. ஆபீசில் இருக்கும்போது நினைப்பு வரும். வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் போய் எண்ணுவேன். இருபத்தெட்டு. மேனேஜர் விரல் நகமளவு வளர்ந்திருந்தது. என் வளர்ப்பு.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை எண்ணினேன். பத்தொன்பது. வெள்ளிக்கிழமை ஆறு. சனிக்கிழமை ஒன்றுமில்லை.

பெரியவை மட்டுமல்ல, பழைய கடுகு ரகத்தையும் காணோம். இலையைப் புரட்டினேன். தண்டைத் தடவினேன். பூதக்கண்ணாடியை வைத்து வேரைத் தோண்டிப் பார்த்தேன். பளிச்சென்றிருந்தது. செடி புதிதாக ஒரு இலைகூட விட்டிருந்தது. சனியன். ஜன்னல் கண்ணாடியில் மட்டும் சின்னதாகச் சில வண்டுகள், கறுப்பு முதுகு, செம்மஞ்சள் தலை. அவற்றை நான் மதிக்கவில்லை. எனக்கு வேண்டியது பூச்சி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனை. அதற்குள் ஒன்றாவது வேண்டும். மனைவியிடம் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நர்சரிக்கு ஓடினேன்.

"வாங்க சார். செடி நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா. ஒரு சின்ன உதவி. மாவுப்பூச்சி கிடைக்குமா?"

"மாவுப்பூச்சிக்கு மருந்தா?"

"மருந்து வேணாம். பூச்சி."

"பூச்சியேவா?"

"ஆமா. உசிரோட. அஞ்சாறு போதும்."

நர்சரிக்காரம்மா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"எதுக்கு சார்?"

"வீட்ல இருந்ததெல்லாம் தீந்து போச்சும்மா."

கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"அட, நீங்க அந்த லேப் அம்மா வீட்டுக்காரரா? அதானே பார்த்தேன்! அவங்க கொண்டுபோன புழுவெல்லாம் பசியில தவிக்குமேன்னு தீனி வாங்க வந்தீங்களா?"

"எந்தப் புழு?"

"வெள்ளையா, தொங்கட்டான் தொங்கட்டானா இருக்குமே சார். பாக்கறதுக்கு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிசா. ஆனா அது பொறிவண்டோட குஞ்சு. வளந்தா கறுப்பு வண்டா மாறிப் பறந்துடும். மாவுப்பூச்சியைத்தான் திங்கும், வேற எதையும் தொடாது. உங்க வீட்டம்மா வந்து, 'வீட்டுக்காரர் பாவம், தினம் பாடுபடறார், ஆனா பூச்சி போகமாட்டேங்குது'ன்னாங்க. ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன்."

பக்கத்தில் ஒரு கவிழ்த்த தொட்டி இருந்தது. உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் ஏன் எப்போதும் மற்றவை இருக்கிற இடமாகப் போய் நின்றது என்று இப்போது புரிந்தது. மேற்பார்வை பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"முப்பது கொடுத்தேன் சார். எத்தனை தேறிச்சு?"

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டா!" அந்தம்மாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எங்ககிட்ட பத்து தேறினா பெரிய விஷயம் சார். இந்த எறும்பு விடாது. மாவுப்பூச்சிக்கு எறும்புதானே காவல்! அது விடற இனிப்புத் தண்ணிக்காக அதைச் சுத்திச் சுத்திக் காக்கும். நம்ம புழு கிட்டப் போனா கடிச்சுத் துரத்திடும். நீங்க எறும்பை என்ன பண்ணினீங்க?"

சொன்னேன். சோப்புத் தண்ணீர், நாலு கிண்ணம், சுவர் விரிசல், குச்சி. சொல்லச் சொல்ல அவர் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் பேசியதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"கைராசி சார் உங்களுக்கு. நான் உங்க வீட்டம்மாவுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்றேன்."

"அவசியமாம்மா?"

"சந்தோஷப்படுவாங்க சார்."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மூன்று பஸ்ஸை விட்டேன். விஷயத்தை ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். பூச்சியின் மெய்க்காப்பாளர்களை நானே ஆறு மணிக்கு எழுந்து விரட்டியிருக்கிறேன். அதைக் கொல்ல வந்தவர்களை நானே எண்ணி எண்ணி வளர்த்திருக்கிறேன். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் நான் முழுசாகத் தீர்த்து வைத்த ஒரே புகார் இதுதான். அதுவும் எனக்கு எதிராக.

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் முடிவு செய்ய முடியவில்லை. நாலாவது பஸ்ஸில் ஏறினேன். ஆறு மாத மூச்சுப் பயிற்சிக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டேன். நேரே மனைவியிடம் போய், ஏன் ஏமாற்றினாய் என்று கேட்பதாகவும் இருந்தேன். அவள் திருப்பி அதையே கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டும் பாக்கி.

வீட்டு வாசலில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், என் சாய்வு நாற்காலி நின்றுகொண்டிருந்தது. சரி, மைத்துனன் வந்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

"எங்க உன் தம்பி?"

"தம்பியா? அவன் எதுக்கு இங்க? அவனுக்குக் குளத்துக்காரங்களே பக்கத்துல ஒரு ரூம் கொடுத்துட்டாங்க. போய் மூணு வாரத்துக்கு மேல ஆச்சு."

"மூணு வாரமா! ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் காலைல எழுந்து வந்தேன். நீங்க கட்டிலை நகர்த்திப் பெருக்கிட்டு இருந்தீங்க. கல்யாணமாகி அப்படி ஒரு காட்சி நான் பார்த்ததே இல்லைங்க. கலைக்க மனசு வரல."

இதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மைத்துனன் வரவில்லை! இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமையும் என்னிடமே இருக்கின்றன! பூச்சி இருந்தால் என்ன, போனால் என்ன? மனைவி கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. மூன்று வாரம் பெருக்கியதைக்கூட அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

"சரி விடு. நாற்காலியை ஏன் வெளில போட்டே? உள்ள எடுத்துப் போடறேன்."

"இருங்க, இருங்க. நர்சரிக்காரம்மா போன் பண்ணினாங்க. உங்களை அப்படிப் புகழ்ந்தாங்க. எனக்கே பெருமையா இருந்துது."

சின்ன அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னல் விளிம்பில் ஆர்க்கிட். மேஜையில் ஆர்க்கிட். கட்டிலில் வரிசையாக ஆர்க்கிட். என் நாற்காலி இருந்த இடத்தில் மூன்றடுக்கு ஸ்டாண்டு, அதில் ஆர்க்கிட். எல்லா இலை இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. அதற்குக் கால் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நர்சரில பூச்சி பிடிச்சது மொத்தம் நாப்பத்தி ரெண்டு தொட்டியாம். இப்பத்தான் வேன்ல கொண்டுவந்து இறக்கினாங்க. எல்லாம் சரியாகிற வரைக்கும் இங்க இருக்கட்டும்னேன். புழு டப்பா அந்த மூலைல இருக்கு. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எறும்பு பார்த்துடுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே நீ?"

"இப்பக் கேக்கிறேன். மாட்டேன்னு சொல்லுங்க, வேனைத் திருப்பிக் கூப்பிடறேன். தம்பிகூட நேத்து சொன்னான், அந்தக் குளத்து ரூம்ல காத்தே இல்லையாம்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. மெல்ல உள்ளே போனேன். இரண்டு தொட்டியை இப்படியும் அப்படியும் தள்ளி வைத்து, ஒரு மனிதன் சாய்வதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று காலால் அளந்து பார்த்தேன்.

"இருக்கட்டும்மா. செடி பாட்டுக்குச் செடி இருக்கட்டும். இந்த ஓரமா நாற்காலியைப் போட்டுக்கிட்டா, ஞாயித்துக்கிழமை மட்டும் நான்..."

"மனுசங்க யாரும் இந்த ரூம்ல தங்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபட்டீங்க? யாரும் தங்கல. நீங்களும் கொஞ்சம் வெளில வாங்க, கதவைச் சாத்தணும்."